தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை

பாட்டுக் கச்சேரியில் என்னை முதன்முதலாக ஒரு பையன் ‘அங்கிள்’ என்று கூப்பிட்டபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. துபாயில் ஒரு திறந்தவெளி மைதானம். சென்னையிலிருந்து வந்திருந்த இசையமைப்பாளர் இன்னும் மேடையேறவில்லை. முழங்காலில் கிழித்துவிட்ட ஜீன்ஸும் காதில் வளையமுமாக வந்த அந்தப் பையன், “அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? எங்க கேங் பின்னாடி மாட்டிக்கிச்சு” என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். என்னோடு வந்த மனிதரும் தள்ளப் போனார். அவன் அவருடைய தோளில் கையைப் போட்டு, “ப்ரோ, நீங்க எங்க போறீங்க, இருங்க” என்று நிறுத்திக்கொண்டான்.

அந்த ப்ரோவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது.

அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆறு பேர் படுக்கும் அறையில் என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில் அவருடையது. ஏசி உதிரிபாகங்கள் விற்கும் கடையில் ஸ்டோர் கீப்பர். சாதாரண நாட்களில் அவரைப் பார்க்கும் யாருக்கும் ப்ரோ என்று அழைக்கத் தோன்றாது. தொளதொளத்த சாம்பல் நிற பேண்ட், முழங்காலுக்கு ஒரு தைலம், டியூட்டி முடிந்து வந்ததும் காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டு ஒரு பெருமூச்சு. நாங்கள் ஐந்து பேரும் கிரிக்கெட் பார்த்துக் கத்தினால், “சத்தத்தக் கொறைங்கப்பா” என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். என்னை ‘மாப்ள’ என்பார். நான் ‘அண்ணே’ என்பேன். இரண்டு பேரும் சிவகங்கைப் பக்கம், வேறு வேறு ஊர். இளையவர்களைத் தம்பி என்று கூப்பிடுவது நம்மவர்களின் வாய்ப்பழக்கம். அவர் யாரையும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

ஆனால் கச்சேரி ஒன்று வருகிறது என்று போஸ்டர் ஒட்டினால் போதும், மனிதர் வேறு ஆளாகிவிடுவார். ஒரு வாரத்துக்கு முன்பே என்னைக் கராமாவுக்குத் துணிக்கடைக்கு இழுத்துப் போவார். இருபது வயதுப் பையன்கள் என்ன போடுகிறார்களோ அதைத்தான் எடுப்பார். ஒரு வருடம் உடம்போடு ஒட்டிய சட்டை. இன்னொரு வருடம் எலும்புக்கூடு படம் போட்ட டி ஷர்ட். அப்புறம் பக்கவாட்டில் ஏகப்பட்ட பைகள் தொங்கும் பேண்ட். கண்ணாடி முன்னால் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தன்னைப் பார்க்காமல் சட்டையை மட்டும் பார்ப்பார்.

“அவனுக்கு இது எடுக்குமா மாப்ள?”

“யாருக்குண்ணே?”

“தம்பிக்கு.”

ஷார்ஜாவிலோ அஜ்மானிலோ தம்பி ஒருவர் இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். வாங்கிய சட்டை அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும். அவருடைய துணிகள் கீழ்த்தட்டில். கச்சேரியன்று மேல்தட்டுச் சட்டையைத்தான் போட்டுக்கொள்வார். தம்பிக்கு வாங்கியதை இவர் ஏன் போடுகிறார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டதுண்டு. கல்ஃபில் ஆளுக்கொரு கிறுக்கு இருக்கும். இது அவருடையது என்று விட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். மற்றவர்கள் காய்கறி வாங்கப் போயிருந்தார்கள். நான் மேல்கட்டிலில் அரைத்தூக்கத்தில் கிடந்தேன். அவர் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அதே இழுத்த பேச்சு. “நல்லா இருக்கேம்மா. சாப்ட்டேன். கால் வலி தேவலாம்மா.” பிறகு, “இந்தா, அவன்கிட்டக் குடுக்குறேன்” என்றார். அடுத்து ஒரு பையனின் குரல் கேட்டது. துள்ளலான, கொஞ்சம் கீச்சென்ற குரல். “ஆத்தோவ்! என்ன, மூத்தவன்கிட்டயே பேசிக்கிட்டிருக்க? எனக்குக் காதே அடைச்சுப்போச்சு.”

யாரோ அறைக்குள் வந்திருக்கிறார்கள் என்று எழுந்து எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. வலிக்கிற கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. போர்வைக்குள் புகுந்து தூங்குவதுபோலக் கிடந்துவிட்டேன். கேட்கத் தைரியம் இல்லை.

அந்த வருடக் கடைசியில் இன்னொரு கச்சேரி. இந்த முறை நான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். “வா மாப்ள, தனியாப் போனா அவன் ஆட்டம் போட்டுருவான்” என்றார். போனேன். முதல் பாட்டுக்கு மேடையில் விளக்கு எரிந்ததும் அவரிடமிருந்து ஒரு விசில் கிளம்பியது. இரண்டு விரலை மடித்து நாக்குக்கடியில் வைத்து, முதலில் நீளமாக ஒன்று, அதன் வாலில் குட்டியாக இரண்டு. சுற்றி நின்ற பிள்ளைகள் கூச்சலிட்டு அவரைக் கட்டிக்கொண்டார்கள். முடிக்கு நீலச் சாயம் அடித்த ஒரு பெண் தன் கன்னத்திலிருந்த மினுமினுப்பை விரலால் எடுத்து அவர் கன்னத்தில் தடவினாள். அவளுக்கு அவருடைய நரைத்த தாடி தெரியவில்லையா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. என்னைப் பார்த்தபோது மட்டும் அவள் முகத்தில், அப்பாவின் நண்பரை எதிர்பாராத இடத்தில் பார்த்துவிட்ட மரியாதை வந்தது.

தண்ணீர் பாட்டில் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பித் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயதானவர், அபுதாபியிலிருந்து வந்தவராம். பேச்சைக் கேட்டதும் நம் பக்கம் என்று தெரிந்தது.

“அந்த விசிலு யாரு அடிக்கிறதுன்னு பாத்தீங்களா?” என்றார்.

“ஏண்ணே?”

“எங்க ஊருல ஒரு பய இப்படித்தான் அடிப்பான். ஒண்ணு நீட்டா, ரெண்டு குட்டையா. வேற யாருக்கும் அது வராது. திருவிழாப் பாட்டுக் கச்சேரின்னா பத்து மைல் நடந்து போவான்.”

“அவரு இங்க இருக்காரா?”

“எங்கிட்டு இருக்கறது? துபாய்க்கு விசா வந்த சந்தோசத்துல கம்மாயில குளிக்கப் போனான். பொணமாத்தான் தூக்குனோம். அது ஆச்சு எத்தனையோ வருசம்.” சொல்லிவிட்டு அவர் தண்ணீரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் வாங்காமலே வந்தேன்.

இதற்கு மேல் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மறுநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, அபுதாபிக்காரர் சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். அவர் ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டிவிட்டுத்தான் பேசினார்.

“காரியம் முடிஞ்ச மறுநா ஏஜெண்டு வந்தான் மாப்ள. விசா வந்திருச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு, வீணாப் போகக் கூடாது, மூஞ்சி ஒரே சாடைதான, மூத்தவன அனுப்புங்கன்னான். அவன் பேருல ஏறுனேன். அவன் பேருல எறங்குனேன். இங்க எல்லாருக்கும் நான் அவன்தான்.”

“அம்மாவுக்கு?”

“அம்மா அப்பவே கொழம்பிப்போச்சு. செத்ததே அதுக்கு மனசுல ஏறல. அவன் பேருல டிக்கெட்டப் பாத்துச்சா, ரெண்டு பேரும் சேந்து போறோம்னு நெனச்சுக்கிச்சு. ஏர்போர்ட்டுக்குக் கெளம்பையில, ‘சின்னவன நல்லாப் பாத்துக்கடா’ன்னு எங்கையப் பிடிச்சுச் சொல்லுச்சு. என்ன சொல்லுவ நீ? சரிம்மான்னேன்.”

நான் வேலை பார்த்தது ஒரு டைப்பிங் சென்டரில். நாள் முழுக்க விசா விண்ணப்பங்களை அரபியில் தட்டச்சு செய்யும் வேலை. பாஸ்போர்ட்டில் ஒரு வயது, உடம்பில் ஒரு வயது என்று இருக்கும் ஆட்கள் எங்கள் கடைக்குத் தினமும் வருவார்கள். ஏஜெண்டு கூட்டியோ குறைத்தோ போட்ட தேதியை, தன் சொந்தப் பிறந்தநாளாகவே கொண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஆள் மாறி வந்த கதை எனக்குப் பெரிய அதிர்ச்சியில்லை. மேல்தட்டுச் சட்டைகளை நினைத்தபோதுதான் பயமாக இருந்தது.

“இந்தக் கச்சேரி எதுக்குண்ணே?”

“வாரா வாரம் அம்மா கேக்கும். தம்பி சாப்ட்டானா, தூங்குனானா. எல்லாத்துக்கும் பொய் சொல்லலாம். ஒருநா, ‘அவனப் பாட்டு கேக்கக் கூட்டிட்டுப் போனியா’ன்னுச்சு. இது ஒண்ணாவது நெசமா இருக்கட்டுமேன்னு ஒரு கச்சேரிக்குப் போனேன். அன்னைக்குத்தான் விசிலு வந்துச்சு. எனக்கு விசிலடிக்கவே தெரியாது மாப்ள.”

அது உண்மை. ஒருமுறை அறையில் எல்லோரும் சேர்ந்து அவரை விசிலடித்துக் காட்டச் சொன்னோம். விரலை எப்படி வைப்பது என்றே தெரியாமல் வைத்து ஊதினார். வெறும் காற்றும் எச்சிலும்தான் வந்தன.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், “எந்தப் பேருல பத்திரிகை அடிக்கிறது?” என்று சிரிப்பார். விஷயம் தெரியாதவர்கள் அதை ஏதோ ஜோக் என்று நினைப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் ஊருக்குப் போவார். பெட்டியில் தம்பி கொடுத்தனுப்பியதாக ஒரு சேலையும் இருக்கும். “அவன் ஏன்டா வரல?” என்று அம்மா வாசலையே பார்க்குமாம். “அவனுக்கு லீவு கிடைக்கலம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தரமாட்டாங்க” என்பாராம். கல்ஃபில் ஆள் வைத்திருக்கும் எந்தத் தாயும் அந்தக் காரணத்தை நம்புவாள். அம்மாவைத் தங்கை பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவன் குரலைக் கேட்காத வாரம் அம்மா சோற்றைத் தொடாது என்று தங்கை சொல்லியிருந்ததால், அவர் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அந்தப் போன் ஒருநாளும் தவறியதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படியே போயிற்று. அறையில் ஆட்கள் மாறினார்கள். வார விடுமுறை வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாறியது. போனும் ஞாயிறுக்கு மாறியது. எனக்குத் தலை வழுக்கையாகி, மூக்கில் கண்ணாடி ஏறியது. அவருக்கு உண்மைக் கணக்கில் அறுபது தாண்டிவிட்டது. கால் நன்றாகவே வளைந்துவிட்டது. ஆனாலும் கச்சேரி மைதானத்தில் அவரை ஒருவரும் அங்கிள் என்றதில்லை. அதை நான் ஒவ்வொரு முறையும் காது கொடுத்துக் கவனித்தேன். மேடையிலிருந்து கட்டுப்படுத்தும் விளக்குப்பட்டையை எல்லோர் மணிக்கட்டிலும் கட்டிவிடுகிற காலம் வந்தது. பாட்டு தொடங்கினால் மைதானம் முழுக்க ஒரே நிறத்தில் மினுக்கும். அந்த வெளிச்சத்தில் அவர் முகம் என்னுடையதைவிட இளமையாகத் தெரிந்ததுண்டு. அப்போதெல்லாம் நான் மேடையைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்வேன்.

கடைசியாகப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாடியவன் எனக்குப் பெயர்கூடத் தெரியாத சின்னப்பையன். பாட்டில் பாதி ஆங்கிலம். சுற்றியிருந்த பிள்ளைகள் அத்தனை வரியையும் கூடவே பாடினார்கள். அவர்கள் எல்லோரும் மூன்று ஆள் நுழையக்கூடிய தொளதொளச் சட்டையில் இருந்தார்கள். அவரும் அதையே வாங்கிப் போட்டிருந்தார். இரண்டாவது பாட்டில் அவர் விரலை மடித்தபோது, முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன் திரும்பினான். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை என்பது தமிழைக் கேட்டதும் தெரிந்தது.

“அங்கிள், ஆர் யூ ஓகே? ரொம்ப க்ரௌடா இருக்கு. பேக்ல சேர்ஸ் இருக்கு. நான் கூட்டிட்டுப் போகவா?”

அவர் திரும்பித் தன் பின்னால் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையன் அவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தான். அவ்வளவு நல்ல பிள்ளை. ஒரு துளி கேலி இல்லை. அவர் விரலை வாயில் வைத்து ஊதினார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். எச்சில் தாடியில் வழிந்தது. பையன் பதறி, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

நான்தான் அவரை வெளியே கூட்டி வந்தேன். டாக்ஸியில் ஏறியதும் கேட்டேன்.

“அவன் கூப்புட்டது பெரிய விஷயமாண்ணே? என்னைய பத்து வருசமா கூப்புடுறானுங்க.”

“என்னயச் சொன்னாப் பரவால்ல மாப்ள. அவனச் சொல்லிட்டான்.” கொஞ்சம் பொறுத்து, “அவன் எறங்கிப் போயிட்டான்” என்றார். நான் சிக்னலில் நின்ற டாக்ஸியின் கதவைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

சனிக்கிழமை முழுக்க அவர் குளியலறைக்குள் போய்ப் போய் வந்தார். உள்ளே பேசிப் பார்க்கிறார் என்பது வெளியே கேட்டது. “ஆத்தோவ்” என்று தொடங்குவார். நடுவில் இருமல் வந்துவிடும். ஒரு கிழவர் சின்னப்பையனைப் போலப் பேச முயல்கிற குரல் மட்டும்தான் வந்தது. கேட்கவே கூசியது. விடிந்தால் ஞாயிறு. அம்மா தம்பியைக் கேட்கும். கிடைக்காவிட்டால் சோற்றைத் தள்ளி வைத்துவிடும். எண்பத்தைந்து வயது உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

ஞாயிறு காலையில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “நீ பேசுறியா மாப்ள? உன் குரல் கொஞ்சம் கீச்சுத்தான். ரெண்டு வார்த்த போதும்.”

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். செத்தவனாகப் பேசப் போகிறோம் என்ற நினைப்பில் உள்ளங்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டேன். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்தார்.

“சாப்ட்டியாப்பா?” என்றது அம்மாவின் குரல்.

“சாப்ட்டேம்மா.”

அடுத்த கேள்வி தம்பியைப் பற்றித்தான் வரவேண்டும். வரவில்லை. அம்மா கரண்ட் போனதைச் சொன்னது, பேத்திக்குப் பரீட்சை என்றது. அவரே பொறுக்கமாட்டாமல், “தம்பிகிட்டப் பேசுறியாம்மா?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் உதட்டை நனைத்துக்கொண்டேன்.

“அவன்தான் வந்துட்டானே.”

“யாரும்மா?”

“சின்னவன்தான். வெள்ளிக்கெழம வெளக்கு வச்ச பெறகு வந்தான். கையில ஒரு பை கூட இல்ல. தலையெல்லாம் நரைச்சுப்போச்சு அவனுக்கு. எனக்கே சட்டுன்னு அடையாளம் தெரியல.”

போனைத் தங்கை வாங்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அண்ணே, ரெண்டு நாளா அம்மா இதத்தான் சொல்லுது. தட்டு ரெண்டு வைக்கச் சொல்லுது. சந்தோசமாச் சாப்புடுது. நீங்க எதுவும் சொன்னீங்களா?” என்றார்.

“இல்லத்தா. நான் ஒண்ணும் சொல்லல.”

அறையை விட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டது தெரிந்தது.

“ஆமா, நீ யாருப்பா பேசுறது?”

“அம்மா, நான்தாம்மா. மூத்தவன்.”

“மூத்தவனா? அவன் அங்கிட்டே போய்ச் சேந்துட்டான்னு தம்பி வந்து சொன்னானே. போன அன்னைக்கேவாம். எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல பாரு.” அம்மா அழவில்லை. எப்போதோ அழுது முடித்ததைப் போலச் சொன்னது. “நீ யாருப்பா?”

அவர் போன் பக்கம் குனிந்தார். தன் சொந்தப் பெயரைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

“அவன்கூட வேல பாத்தவம்மா” என்றார்.

“அப்புடியா? நல்லாரு.”

“சின்னவன் சாப்ட்டானாம்மா?”

“சாப்ட்டான். உள்ள தூங்குறான். எழுப்பவா?”

“வேணாம்மா. தூங்கட்டும்.”